மேலே நின்ற நீலக் கறை

"உங்க ஊசி வந்துடுச்சா?" என்று கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் கோபப்படுவதில்லை. முன்பு பொத்துக்கொண்டு வரும். தொம்மலூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா, அந்த ஊரடங்கு மாதங்களில், மாடியில் துணி காயப்போட வரும்போதெல்லாம் இதைக் கேட்பார். பால் வந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரல். "இன்னும் இல்லக்கா" என்பேன். "சீக்கிரம் பண்ணும்மா, பிள்ளைங்க வீட்லயே இருந்துக்கிட்டு உயிர எடுக்குதுங்க" என்பார். என்னவோ நான் அடுப்பில் தோசையைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் வேடிக்கை பார்ப்பது போல அவருக்கு ஒரு சந்தேகம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தடுப்பூசி அந்த அவசரத்தில் யார் கையிலும் ஏறவில்லை. மற்றவர்களுடையது முந்திக்கொண்டது. நானும் வரிசையில் நின்று அதைத்தான் போட்டுக்கொண்டேன். எங்களுடையது பல தடவை உருமாறி, இன்றைக்கும் வேறொரு கட்டிடத்தில் வேறு சிலர் கையில் சோதனையில் இருக்கிறது. இதைச் சொன்னதும் சிலர் முகத்தில் "அப்போ வீண்தானா" என்று ஒரு பரிதாபம் வரும். அந்தப் பரிதாபம் எனக்கு வேண்டாம். அந்த வருடம் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அதற்கு முன்பு கிடைத்ததில்லை, பிறகும் கிடைக்கவில்லை. அதில் சில வாரங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

என் தொழில் புரதம் தயாரிப்பது. கடையில் டப்பாவில் விற்கிற பொடி இல்லை. ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் செல்களுக்குள் தயாரிக்க வைத்து, மற்ற எல்லாவற்றிலிருந்தும் அதை மட்டும் பிரித்தெடுப்பது. வைரஸின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் முள்தான் நம் உடம்பின் செல்களைப் பற்றிக்கொள்கிறது. அந்த முள்ளில் பற்றுகிற நுனியை மட்டும் தயாரித்து ஊசியாகப் போட்டால், வைரஸே உள்ளே போகாமல், உடம்பு அதன் முகத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளும். எங்கள் திட்டம் இவ்வளவுதான். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்!

நுனியை எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது என்று தீர்மானித்தவள் நான். அதனால் அது 'என்' துண்டு. எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நல்லபடியாக வந்தால் நம்முடையது, வராவிட்டால் அது என்னுடையது.

வளாகம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. இந்த வைரஸ் தொடர்பாக வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு. எங்கள் தளத்தில் அப்படி மூன்று பேர். ஆய்வகத் தலைவர், நாங்கள் சார் என்று கூப்பிடுவோம். கன்னடக்காரர். என்னிடம் தமிழில் பேசுவார், கோபமோ சந்தோஷமோ வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். இன்னொருத்தி செல் வளர்ப்பில் முனைவர் பட்டம் வாங்கியவள். சந்தாபுராவிலிருந்து வளாக வேனில் வருவாள், என்னை அக்கா என்பாள். மூன்றாவது நான். துண்டு தேறாவிட்டால் வேலை நிற்கும், வேலை நின்றால் சீட்டும் போகும். பிறகு வீட்டில் உட்கார்ந்து, டிவியின் அடியில் ஓடும் சிவப்பு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஊரே பயந்துபோயிருக்கும்போது கைக்கு ஒரு வேலை இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால் மேம்பாலத்துக்குக் கீழே தடுப்பு போட்டு நிறுத்துவார்கள். முதல் நாள் ஒரு போலீஸ்காரர், "எல்லிகெ மேடம்?" என்று போகிற இடம் கேட்டார். கன்னடத்தில் பதில் சொன்னேன். சீட்டைப் பார்த்தார், வண்டி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேக்ஸினா? நீங்களா?" என்று தமிழுக்கு வந்துவிட்டார். என் முகத்தில் விஞ்ஞானிக் களை இல்லை போலிருக்கிறது. "நானும்தான் சார்" என்றேன். மறுநாளிலிருந்து தூரத்தில் என் வண்டியைப் பார்த்ததுமே தடுப்பை இழுத்துவிட்டு, "போங்க போங்க, நிக்காதீங்க" என்று கையை வீசுவார். ஆம்புலன்ஸுக்குக்கூட அப்படி வழிவிட்டிருக்க மாட்டார். காலி ரோட்டில் அந்த வேகத்தில் போகும்போது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றும்.

சரி, துண்டுக்கு வருகிறேன். சந்தாபுராக்காரி குடுவை குடுவையாக மனித செல்களை வளர்த்தாள். அவற்றுக்குள் என் துண்டுக்கான மரபுக் கட்டளையை அனுப்பினோம். செல்கள் புரதத்தைச் செய்து வெளியே திரவத்தில் விட்டுவிடும். அந்தத் திரவத்தை ஒரு பிசின் குழாய் வழியாக விட்டால் என் துண்டு மட்டும் பிசினில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கழுவி எடுத்து, சோதித்துப் பார்க்க ஜெல்லில் ஓட்ட வேண்டும். ஜெல் என்பது கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உறையவைத்த மெல்லிய வில்லை. மின்சாரம் கொடுத்தால் புரதங்கள் அதற்குள் மேலிருந்து கீழே இறங்கும். சின்னது சீக்கிரம் இறங்கிவிடும், பெரியது மேலேயே தங்கிவிடும். கடைசியில் நீலச் சாயத்தில் ஊறவைத்தால் புரதம் நின்ற இடத்தில் ஒரு கோடு தெரியும்.

அந்தக் கோட்டுக்காகத்தான் எங்கள் ஆய்வகமே வாழ்ந்தது. சார் முப்பது வருடமாகப் பாக்டீரியாவில் புரதம் செய்தவர், எங்களையும் அதிலேயே வளர்த்தவர். பாக்டீரியாப் புரதம் கத்தியால் கீறினது போல மெல்லிய கோடாக வரும். யாருக்காவது அப்படி ஒரு கோடு வந்தால் அந்த ஜெல்லின் படத்தை நடைபாதைச் சுவரில் ஒட்டுவது வழக்கம். சற்றுக் கலங்கலாக வந்தால் சுவரில் இடமில்லை, நேராகக் குப்பைத் தொட்டி. புதிதாகச் சேர்கிற மாணவர்கள் அந்தச் சுவரைத்தான் முதலில் பார்ப்பார்கள், கோயிலில் நுழைந்தவர்கள் மாதிரி.

என் துண்டுக்குக் கோடு வரவில்லை. ஒரு கறை வந்தது. விரலில் மை தொட்டு இழுத்தது போல, அகலமாக, ஓரமெல்லாம் மங்கி. அதுவும் வரவேண்டிய இடத்தில் இல்லை.

சார் ஜெல்லை விளக்கின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். "ஏன்ரீ இது?" என்றார், என்ன இது என்று.

"என் துண்டு சார்."

"துண்டா? இது துண்டு துண்டா போயிருக்கு. உடைஞ்சுருக்கு. இல்லன்னா கூட ஏதோ குப்பை வந்து ஒட்டிருக்கு."

மறுபடி செய்தோம். புதுக் குடுவை, புதுப் பிசின், எல்லாவற்றையும் பனியிலேயே வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. மறுபடியும் அதே கறை. சாரின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. அவர் மென்மையாகப் பேச ஆரம்பித்துவிட்டார், அதுதான் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை எலி தராங்க" என்றார். ஊரடங்கில் ஆய்வுக்கூட எலிகளுக்கும் தட்டுப்பாடு. விலங்குக் கூடத்தில் ஒரே ஒரு தொகுதிதான் இருந்தது. எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மேல் மாடியிலும் ஒரு குழு தயாராக இருந்தது, அவர்களிடம் வேறொரு துண்டு. "நம்மகிட்ட இருக்கறது இதுதான்னா, அவங்களுக்கு விட்டுக்குடுத்துடலாம். பேஜார் பண்ணிக்காதீங்க. எல்லாருக்கும் ஆகறதுதான். பிட்பிடி."

பிட்பிடி என்றால் விட்டுவிடு. அந்தச் சொல்லை நான் சின்ன வயதிலிருந்து தெருவில் கேட்டிருக்கிறேன், கிரிக்கெட்டில் கேட்ச் விட்டவனிடம்கூடச் சொல்வார்கள். அன்றைக்கு அது என்னை அறைந்தது போல இருந்தது. "வியாழக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன். எதற்கு நேரம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு நானும் சந்தாபுராக்காரியும் கட்டிடத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்காருவோம். அவள் ஒரு முனை, நான் மறுமுனை. நடுவில் சட்டப்படியான இடைவெளி. அதனால் பேச்செல்லாம் கத்தல்தான். ரகசியம் பேச வழியே இல்லாத காலம் அது.

"என் செல்லு மேல மட்டும் பழி போடாதீங்கக்கா!" என்று கத்தினாள். "சக்கத்தா, ஜோரா இருக்கு ஒண்ணொண்ணும். மைக்ராஸ்கோப்ல பாருங்க வேணும்னா."

"உன் செல்லை யாரு சொன்னா? என் துண்டுதான் உடைஞ்சு..."

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன். என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்தது. உடைந்தது. உடைந்தால் சின்னதாகும். சின்னது கீழே இறங்கும். என் கறை எங்கே நின்றது? வரவேண்டிய இடத்துக்கு மேலே! போனில் இருந்த படங்களைத் தேடினேன். எலுமிச்சைச் சாதக் கையோடு தேய்த்ததில் திரையெல்லாம் எண்ணெய். முதல் ஜெல், இரண்டாவது ஜெல். இரண்டிலும் கறை மேலேதான் இருந்தது, ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில். குப்பை ஒட்டியிருந்தால் ஒவ்வொரு தடவையும் இவ்வளவு ஒழுங்காக ஒட்டுமா? என் துண்டு எதையும் இழக்கவில்லை. அதன் மேல் எதுவோ ஏறியிருக்கிறது.

"ஏய்!" என்று கத்தினேன். "சர்க்கரை! உன் செல்லு சர்க்கரை போட்டிருக்குடி!"

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு டிபன் டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். இடைவெளியாவது ஒன்றாவது, இரண்டு பேரும் ஓடினோம்.

விஷயம் இதுதான். மனித செல்கள் வெளியே அனுப்பும் புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளைக் கோத்து அனுப்பும். ஒன்றில் கொஞ்சம் நீளம், இன்னொன்றில் கொஞ்சம் குட்டை. அதனால் எல்லாம் ஒரே இடத்தில் நிற்காது, கறையாகப் பரவும், சர்க்கரையின் கனத்தால் மேலேயும் நிற்கும். பாக்டீரியா இந்த வேலையே செய்யாது. நிஜ வைரஸ் நம் உடம்புக்குள் உருவாகும்போது அதன் முள்ளிலும் இதே மாதிரிச் சர்க்கரைதான் இருக்கும். அதாவது அந்தக் கறை குற்றமில்லை, சரியான அடையாளம். இது ஒன்றும் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை, எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பது. நாங்கள் மூன்று பேருமே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! ஆனால் கோட்டையே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கறை குப்பையாகத்தான் தெரிந்தது.

சார் அறையில் நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தேன். அவர் நெற்றியில் பளீரென்று அடித்துக்கொண்டார், முகக்கவசம் ஒரு காதிலிருந்து கழன்று தொங்கியது.

"அய்யோ ராமா. நானே க்ளாஸ் எடுக்கறேன்ரீ இத! வருஷா வருஷம் எடுக்கறேன்!" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் பழைய சார் திரும்பி வந்தார். "இருக்கலாம். ஆனா இருக்கலாம்னு சொல்லி எலிக்கு ஊசி போட முடியாது. காட்டுங்க."

காட்ட ஒரே வழி, சர்க்கரையை மட்டும் கத்தரிக்கிற நொதி. அதைச் சேர்த்தால் கறை சுருங்கிக் கோடாகி, வரவேண்டிய இடத்துக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நான் சொன்னது வெறும் ஆசை. அந்த நொதி எங்களிடம் இல்லை. பாக்டீரியாக்காரர்களுக்கு அது எதற்கு? வாங்கலாம் என்றால் பார்சல் எதுவும் ஊருக்குள் வரவில்லை. சந்தாபுராக்காரி உறைபெட்டியைத் திறந்து, பனிக்கட்டியைச் சுரண்டிச் சுரண்டி, எப்போதோ படித்துவிட்டுப் போனவர்கள் விட்டுவைத்த பெட்டிகளையெல்லாம் வெளியே எடுத்தாள். ஒன்றின் மூலையில் கிடைத்தது. சுண்டுவிரல் நுனி அளவு குப்பி. அதன் காலாவதி தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இது உயிரோட இருக்குமாக்கா?"

"உனக்கும் எனக்கும் வேற வழி இருக்கா?"

வியாழக்கிழமை காலையில் கலந்தோம். நொதிக்கு வேலை செய்ய நேரம் கொடுத்து, ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை ஏற்றினேன். இடது பக்கம் துண்டு அப்படியே, வலது பக்கம் நொதி சேர்த்தது. சாயம் போட்ட ஜெல்லைத் தண்ணீரில் போட்டு, மேலே டிஷ்யூ காகிதத்தைப் பரப்பி, மைக்ரோவேவில் வைப்பது எங்கள் குறுக்குவழி. மிச்சச் சாயம் காகிதத்தில் ஏறிவிடும், கோடு சீக்கிரம் தெரியும். 'சாப்பாடு வைக்கக் கூடாது' என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டிய மைக்ரோவேவ். அதன் கண்ணாடிக் கதவின் முன்னால் மூன்று பேரும் நின்றோம். பொங்கிவிடுமோ என்று பாலைக் காவல் காக்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

தட்டை வெளியே எடுத்துக் காகிதத்தை விலக்கினேன். முதலில் கண்ணில் பட்டது வலது வரிசையில் ஒரு மங்கலான கோடு, மேலே. "போச்சு" என்றேன். "அது நொதிதான்க்கா, நொதியே ஒரு புரதம்தானே, அது நிக்கற எடம் அது" என்று சந்தாபுராக்காரி முழங்கையால் இடித்தாள். "கீழ பாருங்க!"

கீழே இருந்தது. நீலமாக, ஒல்லியாக, நேராக, வரவேண்டிய அதே இடத்தில். இடது பக்கம் கறை, வலது பக்கம் கோடு. கறை முழுவதும் சுருண்டு அந்த ஒரே கோட்டுக்குள் போயிருந்தது.

நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. சார் "சூப்பர்ரீ! சூப்பர்! ஏன் மாடிபிட்ரீ நீவு!" என்று, என்னமாய்ச் செய்துவிட்டீர்கள் என்பதைக் கன்னடத்தில் முழங்கினார். கட்டிப்பிடிக்கக் கூடாத காலம், அதனால் முழங்கையோடு முழங்கை மோதிக்கொண்டோம். சந்தாபுராக்காரி மோதிய வேகத்தில் என் கை விண்ணென்று வலித்தது. அந்த வலியோடுதான் விலங்குக் கூடத்துக்குப் போன் போட்டேன். "நாளைக்கு எலி எங்களுக்குத்தான்" என்றேன். "யாரும்மா இல்லைன்னு சொன்னா இப்போ?" என்றார் அங்கிருந்தவர். எங்கள் ஆய்வகத்தில் நடந்த கூத்து அவருக்கு எங்கே தெரியும்!

வெள்ளிக்கிழமை ஊசி போட்டார்கள். என் துண்டை, உடம்பின் எதிர்ப்பை உசுப்பிவிடுகிற, எண்ணெயும் தண்ணீருமான ஒரு வெள்ளைக் குழம்போடு சேர்த்து, எலியின் தொடையில். சில வாரம் கழித்து இன்னொரு தடவை. நடுவில் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. எலிகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று விலங்குக் கூடத்துக்குத் தினமும் போன் செய்து விசாரித்தேன். கடைசியில் அந்த மனிதர், "நல்லா சாப்பிடுது, நல்லா தூங்குது, நீங்களும் போய்த் தூங்குங்க" என்று வைத்துவிட்டார்.

பிறகு எலிகளின் ரத்தம் வந்தது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் என் துண்டை ஒட்டவைத்து, அதன் மேல் ரத்தத்தின் தெளிநீரை ஊற்றினால், துண்டை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிற எதிர்ப்புப் பொருள் இருக்கும் குழிகள் மஞ்சளாகும். ஆனது. தண்ணீர் சேர்த்துச் சேர்த்து நீர்க்கச் செய்த குழிகள்கூட மஞ்சள். நான் குதித்தேன். சார் குதிக்கவில்லை.

"பிடிச்சுக்கறது வேற, தடுக்கறது வேற" என்றார். "கைய பிடிச்சா திருடன் நின்னுடுவானா? உதறிட்டுப் போயிடலாம். நிஜ வைரஸ் முன்னாடி வெச்சுப் பாக்கட்டும்."

அவர் சொன்னது சரிதான், அதனால்தான் எனக்கு எரிச்சல். உயிருள்ள வைரஸை எங்கள் கட்டிடத்தில் தொட அனுமதியில்லை. பூட்டுக்குள் பூட்டு போட்ட வேறொரு ஆய்வகத்துக்குத் தெளிநீரை அனுப்பினோம். அங்கே வைரஸையும் எங்கள் எலியின் தெளிநீரையும் கலந்து, செல்கள் வளரும் குழிகளில் ஊற்றிப் பார்ப்பார்கள். தெளிநீர் வைரஸைத் தடுக்காவிட்டால் செல்கள் செத்துவிடும். தடுத்தால் பிழைக்கும். கறை, கோடு, சர்க்கரை, எல்லாம் இந்த ஒன்றில் நிற்கும், இல்லையென்றால் விழும். விழுந்தால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்த மாதங்களில் போன் மணி அடித்தாலே எடுக்கப் பயந்தேன். எடுத்தால் யாரோ ஒருவர் போய்விட்ட சேதி. பள்ளியில் கூடப் படித்தவளின் அப்பா. பின் தெருவில் இஸ்திரி போடுகிறவர். மறுமுனையில் சொல்கிறவர்கள் முதலில் சற்றுத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு முற்பகல், பிசின் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண். கையுறையோடு எடுத்தேன். அந்த ஆய்வகத்து அம்மாள். அவர் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

"ரிசல்ட்டு மெயில்ல வரும் மேடம். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு..." என்று தயங்கினார்.

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லுங்க."

"ஊசி போடாத எலியோடது ஊத்துனோம் இல்ல, அந்தக் குழியெல்லாம் போச்சு மேடம். செல்லு எல்லாம் செத்து மிதக்குது. உங்க எலியோடது ஊத்துன குழி..." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "எல்லாம் உயிரோட இருக்கு."

"என்ன சொன்னீங்க?"

"உயிரோட இருக்கு மேடம். எல்லாமே."

அந்த வார்த்தையை எந்தப் போனிலும் நான் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. சந்தாபுராக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள், அறைக் கதவைத் திறந்துகொண்டு சாரும் வந்தார். யார் போய்விட்டார்கள் என்று கேட்கிற முகம் இரண்டு பேருக்கும். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன்.

"மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

அவர் சலிக்காமல் சொன்னார்.